பெயரெழுதாத பிரதி

முதலில் திரும்பி வந்தது தலைமையாசிரியருக்குக் கொடுத்த பிரதி. சித்திரை மாதம், மதியம் மூன்று மணி, கரிசல்விலக்கில் நாய்கூட நிழலை விட்டு நகராத நேரம். எடைமேடை வேதமுத்து சாப்பிட்டுவிட்டு வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் அது திரும்புவதைப் பார்த்தார். முதுகு மேலே இருக்க, இரண்டு அட்டைகளையும் கால்களாக ஊன்றி, நடுவில் பக்கங்கள் புழுதியில் லேசாக உரச, குஞ்சுகளைச் சிறகுக்குள் வைத்துக்கொண்டு நடக்கும் கோழியைப் போல அவசரமில்லாமல் வந்தது; சாக்கடைப் பாலத்தருகில் ஒரு சைக்கிளுக்கு ஒதுங்கி நின்றது; பிறகு வாசலேறி வந்து அவர் காலடியில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. எடுத்துப் பிரித்தால் முதல் பக்கத்தில் அவருடைய கையெழுத்து: ‘மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கு, அன்புடன்.’

அவர் மனைவி ரோஸ்லின் கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

“யார் வீட்டுது?”

“எச்செம்மோடது.”

“மேடையில அம்பது நிமிஷம் பேசுனாரே, அவரா?”

“அவரேதான்.”

“சரி, உள்ள எடுத்து வைங்க. பாவம், வெயில்ல வந்திருக்கு.”

வெளியீட்டு விழா நடந்து அன்றைக்கு நாற்பத்தோராவது நாள். மேடையில் முதல் பிரதி வாங்கியவர் தலைமையாசிரியர் என்பதால் அது முதலில் வந்தது. அதற்குப் பின்னால், விழாவில் கொடுத்த வரிசை மாறாமல், ரைஸ்மில் முதலாளியுடையது, கூட்டுறவு வங்கிச் செயலாளருடையது, பொன்னாடை போர்த்தியவருடையது, பொன்னாடை வாங்கி வந்தவருடையது என்று ஐந்து மணிக்குள் முப்பத்தைந்து பிரதிகள் வந்துவிட்டன. வேதமுத்து ஒவ்வொன்றாக எடுத்துத் துண்டால் தட்டித் துடைத்து அலமாரியில் அடுக்கினார். ஆச்சரியப்பட அவருக்கு நேரமில்லை. ஆச்சரியத்துக்கு முன்பே அவமானம் வந்து உட்கார்ந்துவிட்டது.

அவர் பைபாஸ் ஓரத்து எடைமேடையில் இருபத்திரண்டு வருடமாக இருந்தார். லாரி ஏறும், சிவப்பு எண்கள் எரியும், சீட்டு அடித்துக் கொடுப்பார், லாரி இறங்கிப் போகும். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் கிடைக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளில், பழைய எடைச்சீட்டுகளின் முதுகில், நாற்பத்து மூன்று வயதில் தொடங்கி ஐம்பத்து நான்கு வயதுவரை அவர் ஒரே ஒரு நாவலை எழுதினார். தங்கபுஷ்பம் என்ற பெண் அடைமழைக் காலத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி, வெள்ளம் ஓடும் ஆற்றைக் கடந்து, பதினெட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அக்கா வீட்டுக்குப் போகிற கதை. மூன்று பதிப்பகங்கள் பக்கம் அதிகம் என்று சொல்லின. நான்காவது பதிப்பகம் இரண்டு வருடம் வைத்திருந்துவிட்டு, யாருடைய விரலோ பட்ட மஞ்சள் கறையோடு திருப்பி அனுப்பியது. தானே போட்டுவிடுவது என்று அவர் முடிவு செய்தார். கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்தால் ஒரு பிழையைத் திருத்தும்போது இரண்டு புதிய பிழைகள் முளைத்தன. ஆகவே ஐம்பத்தேழு வயதில் தட்டச்சு வகுப்பில் சேர்ந்து, பாவாடை தாவணிப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து, பத்து எண்களை மட்டுமே அழுத்திப் பழகிய விரல்களைக் கொண்டு ஒன்பது மாதம் தமிழ் எழுத்துகளைத் தேடித் தேடி அழுத்திக் கற்றுக்கொண்டார். பிறகு பக்கம் அமைக்கக் கற்றுக்கொண்டார். பக்க எண் வலது ஓரத்தில் இருக்க வேண்டிய இடத்தில் இடது ஓரத்துக்குப் போய் நின்றுகொண்டு மூன்று மாதம் அவரை அழவைத்தது. நான்கு முறை மெய்ப்புப் பார்த்தார். எல்லாம் முடிந்ததும், இதையெல்லாம் யாராவது தெரிந்துகொள்ள வேண்டுமே என்று, புத்தகத்தின் தொடக்கத்தில் நான்கு பக்கத்துக்கு ஓர் என்னுரை எழுதினார். ‘எந்த வேலையானாலும் சரி, புரியாத இடத்தை மறுபடி மறுபடி செய்துகொண்டே இருந்தால் ஒரு நாள் அது வழிவிடும்’ என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை எழுதியபோது அவருக்குக் கண் கலங்கியது.

முந்நூறு பிரதிகள். ஊர் வழக்கம் என்னவென்றால், நமக்குத் தெரிந்த ஆள் புத்தகம் போட்டால் அதை இனாமாகக் கேட்டு வாங்குவதுதான் அவருக்குச் செய்கிற மரியாதை. கேட்காமல் இருந்தால் அவர் வருத்தப்படுவார் என்று நினைத்தார்கள். “அண்ணாச்சி, நமக்கு ஒண்ணு இல்லியா?” என்று கேட்காத ஆளில்லை. அவரும் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கரிசல்விலக்கு இந்தக் காரியத்தைப் புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆயிற்று. படிக்காமல் வைத்திருந்தால் நாற்பது நாள்தான் இருக்கும், நாற்பத்தோராவது நாள் மூன்று மணிக்குக் கிளம்பிவிடும். படித்துக்கொண்டிருந்தால், எத்தனை மெதுவாகப் படித்தாலும், இருக்கும். சும்மா பக்கத்தைப் புரட்டி அதை ஏமாற்ற முடியாது. ரைஸ்மில் முதலாளி ஆள் போட்டு, கேட்டு வாங்கிய இன்னொரு பிரதியைப் புரட்டவைத்துப் பார்த்தார், அது புரட்டிய ஆளையும் கூட்டிக்கொண்டு தெருமுனைவரை வந்தது. பீரோவில் பூட்டி வைத்தவர்கள் வீட்டில் அது உள்ளே நின்று அட்டையால் தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்ததால் யாரும் மதியம் கண்ணயர முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள், “அதத் தொறந்து விட்ருங்கம்மா, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே” என்றார்கள். கட்டில் காலில் கட்டிப் போட்டவர்களும் உண்டு. போதகர் வீட்டுப் பிரதி, பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் நடந்துகொண்டிருந்த மண்டபத்தின் நடுவாகப் போயிற்று. பெண்கள் ஜெபத்தை நிறுத்தாமலே காலைத் தூக்கிக்கொண்டு வழிவிட்டார்கள்.

முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அது பழக்கமாயிற்று. “ஒங்க வீட்டுது போயிருச்சா?” என்று கேட்பது, மழை உண்டா என்று கேட்பதைப்போல ஆகிவிட்டது. உதுமான் டீக்கடையில் மூன்று மணிக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்து, யார் வீட்டுப் புத்தகம் போகிறது என்று பார்த்தார்கள்.

“இந்தா, வக்கீல் வீட்டுது. நடையப் பாரு, அவரப் போலவே.”

“அவரு இருநூறு பக்கம் படிச்சுட்டேன்னு என்கிட்ட சத்தியம் பண்ணாருவே.”

“எந்தப் புத்தகத்துலன்னு சொன்னாரா?”

பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வீட்டாரின் பிரதி எத்தனை நாள் தங்கியது என்று தரகரிடம் விசாரித்தார்கள்; ஐம்பது நாளைத் தாண்டியிருந்தால் நிதானமான குடும்பம் என்று பெயர். லாரிகள் வேகம் குறைக்கட்டும் என்று பைபாஸில் பஞ்சாயத்து ஒரு வேகத்தடை போட்டது. ரேஷன் கடை எடையாளர் ஒருவர் வைராக்கியமாகப் படித்து நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்வரை போனார்; அப்புறம் பொங்கல் வந்தது, வேட்டி சேலை கொடுக்க வேண்டியிருந்தது, அதுவும் ஒரு நாள் வந்து சேர்ந்தது. சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு மதிப்புரைக்கென்று அனுப்பிய இரண்டு பிரதிகள், நாற்பது நாள் இருந்து, மேற்கொண்டு ஐம்பது நாள் நடந்து, அட்டை முனை தேய்ந்து, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தபடி ஜோடியாக வந்தன. அவற்றைப் பார்த்துத்தான் ரோஸ்லின் அழுதாள். அவளுக்குக் கொடுத்த பிரதியும் அதற்கு முன்பே சமையலறைத் தட்டிலிருந்து இறங்கி, எட்டே எட்டு அடி நடந்து, அவர் மேசைக்குப் போயிருந்தது.

“ஒவ்வொரு வரியா வாசிச்சுக் காட்டுனீங்களே பதினோரு வருஷம். இன்னும் நான் எத வாசிக்க?” என்றாள் ரோஸ்லின்.

வருடம் திரும்புவதற்குள் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பிரதிகள் வந்துவிட்டன. வேதமுத்து அவற்றை மூன்று முறை எண்ணினார். ஒவ்வொன்றிலும் பெயர் இருந்தது. கொடுத்தவர்களின் பெயர்களையெல்லாம் நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தார். யாருடையது பாக்கி என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முந்நூறில் ஒன்று திரும்பவில்லை, அவ்வளவுதான். எங்கோ ஒருவர் படித்துக்கொண்டிருக்கிறார்.

அந்த ஒருவரை வைத்துக்கொண்டு அவர் ஏழு வருடம் உயிரோடிருந்தார். ஊர்க்காரர்கள் கேலி செய்தபோது அந்த ஒருவரை நினைத்துக்கொண்டார். எடைமேடையில் லாரிகளுக்கு நடுவில் அந்த ஒருவருக்கு முகம் கொடுத்தார்: ஆற்றங்கரை ஊர் ஒன்றில், கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர், ஒருகாலத்தில் கல்லூரியில் பாடம் எடுத்தவராக இருக்கலாம், ஒரு பத்தியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வெளியே பார்ப்பவர், மெதுவாகப் படிப்பது புரியாததால் அல்ல, ருசியால். அவருக்காகவே வேதமுத்து இரண்டாவது நாவலைத் தொடங்கினார். ஒரு வாக்கியம் எழுதியதும் இதை அவர் ஒப்புக்கொள்வாரா என்று பார்த்து, மாட்டார் என்று அடித்துவிடுவார். மூன்று மணி ஆனால் மட்டும் பேனாவை மூடிவிட்டு ரோட்டைப் பார்ப்பார். ரோடு காலியாக இருந்தால் நாள் நல்லபடியாகப் போனது.

எட்டாம் வருடம் பங்குனியில், ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தப் பிரதி வந்தது.

மற்றவை வந்ததைப்போல அது வரவில்லை. நின்று நின்று வந்தது. உதுமான் கடைக்கு முன்னால் வெகுநேரம் நின்றது. கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அதற்குப் பழைய நாள்காட்டித் தாளில் உறை போட்டிருந்தது. பக்கங்கள் உப்பி, புத்தகம் இரண்டு மடங்கு கனமாகத் தெரிந்தது. அவர் அறை வாசலுக்கு வந்து அங்கேயே சரிந்தது.

“போயிட்டாரா?” என்றார் வேதமுத்து, யாரிடம் என்றில்லாமல். அந்தக் கண்ணாடி போட்ட மனிதர் செத்துப்போனார் என்றுதான் அவர் நினைத்தார்.

பிரித்தார். முதல் பக்கத்தில் பெயர் இல்லை. என்னுரையின் ஒவ்வோர் எழுத்துக்கும் அடியில் பென்சிலால் ஒரு புள்ளி இருந்தது. சொல்லுக்கு அல்ல, எழுத்துக்கு. எட்டாம் பக்கம் வரைக்கும் எழுத்துக்கு ஒரு புள்ளி. அதற்குப் பின் சொல்லுக்கு ஒரு கோடு. முப்பதாம் பக்கத்துக்குமேல் கோடு நீண்டு நீண்டு, அரை வரி, ஒரு வரி என்று வளர்ந்திருந்தது. யாரோ இந்தப் புத்தகத்துக்குள்ளேயே நடக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அறுபத்து நான்காம் பக்கத்தில் தங்கபுஷ்பம் ஆற்றில் காலை வைக்கிறாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அது நாற்பத்தொன்பதாம் பக்கமாக இருந்தது. தங்கபுஷ்பம் மறுபடி வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பதினாறு பக்கங்களும் இரண்டாவது முறை தைக்கப்பட்டிருந்தன. அதற்கப்புறம் நேராக எண்பத்தொன்று. இரண்டாவதாக வந்த அந்தப் பதினாறு பக்கங்களில் கோடுகள் கோடுகளின் மேல் போட்டுப் போட்டு, தாள் கறுத்து, சில இடங்களில் கிழிந்து, பின்பக்கத்து எழுத்து தெரிந்தது. எண்பத்தொன்றாம் பக்கத்தில் நாலே நாலு வரிக்குக் கோடு இருந்தது. அத்தோடு சரி.

வேதமுத்துவுக்கு நினைவு வந்தது.

கஜேந்திரனின் அச்சகம். கல்யாணப் பத்திரிகையும் சுவரொட்டியும் அடிக்கிற இடம். தாளை ஒரு பக்கத்துக்கு எட்டாக, இரண்டு பக்கமும் அச்சடித்துப் பதினாறு பக்க ஃபாரமாக இறக்குவார்கள். அதை மூங்கில் பட்டையால் அழுத்தி மடிப்பதும், ஃபாரங்களை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிப் புத்தகமாகத் தொகுப்பதும் நான்கு பெண்களின் வேலை. பைண்டிங் முடிந்த நாளில் வேதமுத்து முந்நூறு பிரதிகளையும் தானே பிரித்துப் பார்த்தார். ஒன்றில் நான்காம் ஃபாரம் இருமுறை இருந்தது, ஐந்தாம் ஃபாரம் இல்லை.

“இது ஒண்ணுதான் அண்ணாச்சி தப்பிருச்சு, கழிவுல போட்ருங்க” என்றார் கஜேந்திரன்.

போட மனமில்லாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான், மடிப்பு வேலை செய்யும் சீனியம்மாள் வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணாச்சி, எனக்கும் ஒண்ணு தருவீகளா? நான் மடிச்சதுல்லா.”

“நீ என்ன பண்ணப் போற? ஒனக்கு வாசிக்கத் தெரியுமா?”

“தெரியாது. வீட்ல இருக்கட்டும்.”

மற்ற பெண்கள் சிரித்தார்கள். வேதமுத்துவும் சிரித்தார். அன்றைக்கு அவர் எல்லோரிடமும் பிரியமாக இருந்தார். “இந்தா, வச்சுக்கோ” என்று கையிலிருந்ததைக் கொடுத்தார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கொடுத்ததாகவே அவர் நினைக்கவில்லை. ஆகவே பெயரெழுதவும் இல்லை, நினைவில் வைக்கவும் இல்லை.

மறுநாள் காலை அவர் அலமாரியிலிருந்து நல்ல பிரதி ஒன்றை எடுத்தார். தலைமையாசிரியருடையதுதான் கைக்கு வந்தது. பெயரெழுதிய முதல் தாளைப் பிளேடால் அறுத்து எடுத்தார்.

சீனியம்மாளின் வீடு ரயில்பாதைக்கு அந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. அச்சகத்தில் மடிப்பு எந்திரம் வந்துவிட்டதால் அவள் இப்போது வீட்டிலேயே இனிப்புக் கடைக்கு அட்டைப்பெட்டி மடித்துக் கொடுக்கிறாள். அறுபது வயது இருக்கும். வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தவள் அவரைப் பார்த்ததும் எழப் போனாள்.

“உக்காருங்க, உக்காருங்க” என்றார் அவர்.

“வாங்க அண்ணாச்சி. வந்து சேந்துருச்சா? நேத்துதான் கெளம்புச்சு. வெயில்ல போகுதேன்னு தண்டவாளம் வரைக்கும் கூடவே போனேன். ரயில் வர்ற நேரம் பாருங்க.”

ஒரு பெட்டிக் கட்டைத் தள்ளி இடம் செய்தாள். அவர் உட்கார்ந்தார்.

“எழுத்து யாரு சொல்லித் தந்தது?”

“யாரும் இல்ல. ராத்திரிப் பள்ளிக்கூடம்னு மூணு மாசம் வச்சாக, அப்புறம் டீச்சர் கல்யாணமாகிப் போயிருச்சு. மூணு மாசத்துல முப்பது எழுத்து. மிச்சத்த பஸ்ஸுல பாத்துப் படிச்சேன். சாத்தூர் பஸ் வரும், அதுல ‘சா’ இருக்குல்ல, அத வீட்டுக்கு வந்து ஒங்க புத்தகத்துல தேடுவேன். கல்யாணப் பத்திரிகை மடிச்ச கைதான, ‘திருமணம்’ எனக்கு மொதல்லயே தெரியும். ஒங்க புத்தகத்துல அது ஒரே ஒரு எடத்துலதான் வருது.”

“அப்படியா?”

“பதினொண்ணாம் பக்கம்” என்றாள். “முன்னால நாலு பக்கம் நீங்க டைப்படிக்கக் கத்துக்கிட்டத எழுதியிருந்தீகளே. அதப் படிக்க ஒரு வருசம். படிச்சு முடிச்சதும் ரொம்பத் தைரியமாப் போச்சு. அண்ணாச்சிக்கே பக்க நம்பர் ஓடிப் போயிருக்கு, நமக்கு என்னன்னு.”

வேதமுத்து கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

“அப்புறம் ஏன் நிறுத்துனீங்க?”

அவள் ஒரு பெட்டியை மடித்து முடித்து, அதை மற்றவற்றின் மேல் வைத்துவிட்டுச் சொன்னாள்.

“ஏறல அண்ணாச்சி. அந்தப் பொண்ணு ஆத்துல காலை வைக்கிறா. அடுத்த பக்கம் பாத்தா வீட்டப் பூட்டிட்டு மறுபடி கெளம்புறா. நான் எங்கயோ ஒரு வரி விட்டுட்டேன்னு திரும்பப் படிச்சேன். மறுபடியும் ஆத்துக்கு வர்றா, மறுபடியும் வீட்டுக்குப் போயிர்றா. புரியாத எடத்த மறுபடி மறுபடி செய்யணும்னு நீங்க எழுதியிருக்கீகளே. செஞ்சேன். நாலு வருசம் அண்ணாச்சி. ஒரு மழைக்காலத்துல தோணுச்சு, இவ வீட்ல எதையோ மறந்து வச்சுட்டா, அத எடுக்கத்தான் போய்ப் போய் வாரான்னு. அது என்னன்னு தேடினேன். அப்புறம் அதுக்கு அடுத்தாப்புல பாத்தா, அக்கா வீட்ல அடுப்பூதிட்டு இருக்கா. எப்படிப் போனா? ஒண்ணும் புரியல. சரி, நம்ம மண்டைக்கு இவ்வளவுதான், அவளப் போட்டு அலைய விட்டுட்டமேன்னு மூடி வச்சேன். நாப்பது நாள் கழிச்சுக் கெளம்பிருச்சு.”

“உங்க தப்பில்ல” என்றார் அவர். “பைண்டிங்ல ஃபாரம் மாறிப் போச்சு. நாலாம் ஃபாரம் ரெண்டு, அஞ்சாம் ஃபாரம் இல்ல. யார் படிச்சாலும் அப்படித்தான் இருக்கும்.”

அவள் கை நின்றது. அவர் எதிர்பார்த்தது ஒரு நிம்மதியை. ஆனால் அவள் முகம் கலங்கிப் போயிற்று.

“ஒங்க புத்தகத்துக்குத் தொகுப்பு நான்லா பாத்தேன்” என்றாள். “மடிச்சது நாலு பேரும். வரிசையில நடந்து எடுத்து எடுத்து அடுக்குனது நான். அன்னைக்குக் கரண்டு வேற போய்ப் போய் வந்துச்சு. அப்ப நான்தான் ஒண்ண ரெண்டா எடுத்துருக்கேன். அய்யய்யோ, ஒங்க புத்தகத்த நானே கெடுத்துட்டு, அத நானே வாங்கிட்டு வந்து...” அவள் சிரிக்கப் பார்த்தாள். “மன்னிச்சிருங்க அண்ணாச்சி. யாருக்கிட்டயும் சொல்லிராதீக.”

அந்த இடத்தில் அவர் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்திருந்தால் அவள் அவருக்கு ஒரு காபி போட்டுக் கொடுத்திருப்பாள். நல்ல பிரதியை வாங்கிக்கொண்டிருப்பாள். இன்னும் ஏழு வருடம் அவருக்கு ஒரு வாசகர் இருந்திருப்பார். பெட்டி மடிக்கிற அட்டையின் பசை வாசனை அடித்தது. ஒரு சரக்கு ரயில் போயிற்று, முழுவதும் போகும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

“எனக்குத் தெரியும்” என்றார் வேதமுத்து. “கொடுக்கும்போதே தெரியும். கழிவுல போடச் சொன்ன பிரதி அது.”

சீனியம்மாள் அவரைப் பார்த்தாள்.

“தெரிஞ்சேவா?”

“ஆமா.”

“எனக்குத்தான் வாசிக்கத் தெரியாதேன்னு.”

“ஆமா.”

அவள் தலையை மெதுவாக ஆட்டினாள், ஒரு சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தவளைப் போல. கோபப்படுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் அட்டை ஒன்றை எடுத்து, நான்கு மூலையும் மடித்து, பெட்டியாக்கி வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

“எப்படிக் கடந்தா?” என்று கேட்டாள் மடித்துக்கொண்டே.

“யாரு?”

“அந்தப் பொண்ணுதான். ஆத்த எப்படிக் கடந்தா?”

வேதமுத்து சொல்லத் தொடங்கினார். தண்ணீர் இடுப்பளவு வந்ததை, மேட்டிலிருந்து மாடு மேய்க்கிறவன் ஒருவன் கூப்பிட்டதை, அவன் வீசிய கயிற்றை அவள் பிடித்துக்கொண்டதை, மறுகரையில் ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டு அவள் நடந்ததை. எழுத இரண்டு வருடம் பிடித்த பதினாறு பக்கங்கள். சொல்லும்போது நாலைந்து வாக்கியங்களில் முடிந்துவிட்டன. முடிந்த பிறகும் அவர் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்.

“அவ்வளவுதானா?” என்றாள் சீனியம்மாள்.

“அவ்வளவுதான்.”

“வீட்ல எதையும் மறந்து வைக்கலியா?”

“இல்ல.”

“ம்” என்றாள்.

அவர் நல்ல பிரதியை எடுத்து அவளுக்கு முன்னால் பெட்டிகளின் மேல் வைத்தார். பைக்குள்ளிருந்து பேனாவையும் எடுத்தார். “உங்க பேர எழுதித் தாரேன். இதுல எல்லாம் சரியா இருக்கும். நான் ஒவ்வொரு பக்கமாப் பாத்துட்டேன்.”

அவள் அதைத் தொடவில்லை. பெட்டி நசுங்குகிறது என்பதைப்போல, அடியிலிருந்த பெட்டியை மட்டும் உருவி எடுத்துக்கொண்டாள். புத்தகம் சரிந்து தரையில் உட்கார்ந்தது.

“வேணாம் அண்ணாச்சி.”

“மெதுவாப் படிங்க. எத்தனை வருசம் ஆனாலும்...”

“வேணாம். நான் படிச்சது வேற. இனிமே கயிறு வீசுறதப் படிச்சு நான் என்ன பண்ண?” அவள் குரலில் கசப்பு எதுவும் இல்லை, கடைக்காரரிடம் வேண்டாத சாமானைத் திருப்பிக் கொடுப்பவள்போலச் சொன்னாள். “பெட்டி மத்தியானத்துக்குள்ள போகணும். நீங்க வெயிலுக்கு முந்திப் போங்க. வீட்ல அக்காவக் கேட்டதாச் சொல்லுங்க.”

அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். படியிறங்கித் தெருவுக்கு வந்தவர், கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, அதை முதுகு மேலே இருக்கும்படி, இரண்டு அட்டைகளையும் விரித்து ஊன்றி, மண்ணில் நிறுத்தினார். தன் வீட்டுப் பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தார். இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். எதிர்வீட்டுப் பெண் குடத்தோடு வந்தவள் அதைச் சுற்றிக்கொண்டு போனாள். புத்தகம் நின்ற இடத்திலேயே நின்றது. காற்றில் ஒரு பக்கம் மட்டும் எழுந்து அடங்கியது.

சீனியம்மாள் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது நடக்காது அண்ணாச்சி” என்றாள். “நான்தான் வாங்கவே இல்லியே.”